கிளாரினெட்டும் அப்பாவின் ஊர்வலமும்

மெல்பர்னில் என் மகள் ரீனா படிக்கும் பள்ளியிலிருந்து ஒரு படிவம் வந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பேண்டு, கொயர் எனும் பாடகர் குழு இரண்டில் ஒன்றில் கட்டாயம் சேர வேண்டுமாம். மறுவாரமே ஒரு கறுப்புப் பெட்டியோடு வந்து நின்றாள். உள்ளே துண்டு துண்டாக ஒரு கிளாரினெட். பாடப் புத்தகத்தைப் போல அதையும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிடுகிறார்கள். தினமும் காலையில் அவள் அதை ஊத, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வேலிக்கு மேலே கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார். எங்கள் ஊரில் விடிந்ததும் ஒரு வீட்டிலிருந்து பேண்டுச் சத்தம் வந்தால், யார் போய்ச் சேர்ந்தது என்று விசாரிக்க ஆட்கள் வந்துவிடுவார்கள்.

இசை ஆசிரியை என்னிடம், உங்கள் ஊரில் பேண்டு உண்டா என்று கேட்டார். உண்டு, யாராவது இறந்தால் வரும் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் முகம் வாடிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐ ஆம் ஸோ ஸாரி" என்றார். யாரும் சாகவில்லை என்று விளக்குவதற்குள் அடுத்த பெற்றோர் வந்துவிட்டார். இரண்டு மாதம் கழித்து அப்பா இறந்துபோனார்.

அப்பா மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரியவர். நான் தேவாலயம் நடத்திய பங்குப் பள்ளியின் பாடகர் குழுவில் இருந்தேன். பேண்டு ஆண்பிள்ளைகளுக்கு, பாட்டு பெண்பிள்ளைகளுக்கு என்பது அங்கே எழுதாத சட்டம். ஒன்பதாவது படிக்கும்போது ஆண்டு விழாவில் தனியாகப் பாட எனக்கு நாலு வரி கிடைத்தது. அப்பா அளத்திலிருந்து நேராக வந்துவிட்டார். முழங்கால்வரை உப்பு காய்ந்து வெளுத்திருக்க, கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றவர், நான் பாடத் தொடங்கியதுமே, "என் பொண்ணு! அது என் பொண்ணு!" என்று உரக்கச் சொன்னார். மேடையில் என்கூட நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அவரிடம், "இனிமே ஸ்கூலுக்கு வராதப்பா, அசிங்கமா இருக்குது" என்றேன்.

"சரிம்மா, வரல" என்றார். பள்ளி முடியும்வரை அவர் வரவேயில்லை.

அவர் இறந்தபோது எங்கள் நிரந்தர விசா விண்ணப்பம் நிலுவையில் இருந்தது. வெளியே போனால் திரும்பி நுழையத் தனி அனுமதி வேண்டும். அது வர நாளாகும். அண்ணன்தான் சமாதானம் சொன்னான். "நீ அங்கயே இரு ஸ்டெல்லா. நாளைக்குப் பூசை முடிஞ்சி ரெண்டு மணிக்கு எடுக்கிறோம். வீடியோல காட்டச் சொல்றேன்." அங்கே இரண்டு மணி என்றால் இங்கே மாலை ஆறரை. ரீனாவின் பள்ளிக் கச்சேரியும் ஆறரைக்குத்தான்.

"நீ வீட்ல இரு, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார் கணவர். ரீனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தாத்தாவ எடுக்கிற அன்னிக்கு நான் வாசிக்கலாமாம்மா?"

"வாசிடி. நானும் வர்றேன்."

அரங்கில் ஃபோனை மடியில் வைத்து ஒலியை நிறுத்தினேன். அப்பாவின் பெட்டி உப்புக் குவியல்களை ஒட்டிய சாலையில் போய்க்கொண்டிருந்தது. முன்னால் பேண்டுக்காரர்கள் கன்னம் உப்ப ஊதினார்கள். ஒரு சத்தமும் இல்லை. மேடையில் ரீனாவின் பேண்டு துள்ளலான ஒரு மெட்டைத் தொடங்கியது. அண்ணனும் பெட்டி தூக்கியவர்களும் அந்த மெட்டுக்கே நடப்பதுபோல இருந்தது. பக்கத்திலிருந்த பெண் என் கண்ணீரைப் பார்த்து, "ப்ரௌட் மம்" என்று தோளைத் தட்டினாள். தலையாட்டினேன்.

கச்சேரி முடிந்தபோது திரையில் பெட்டியைக் குழிக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அரங்கில் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். ரீனாவின் கண்கள் கூட்டத்தில் என்னைத் தேடின. ஃபோனை நாற்காலியில் கவிழ்த்துவிட்டு நானும் எழுந்து தட்டினேன். மறுபடி எடுத்தபோது பெட்டி தெரியவில்லை, மண்தான் தெரிந்தது. அரங்குக்கு வெளியே நடைக்கு ஓடி ஒலியைத் திறந்தேன்.

"ஒரு புடி மண்ணு உனக்காகவும் போட்டேன்மா" என்றான் அண்ணன். "பாத்தியா?"

"பாத்தேண்ணா" என்றேன். உள்ளே இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.