பழசாகாத பை

எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் ஒரு காலத்தில் என் வாய்ச்சொல்லுக்குத் தனி மதிப்பு இருந்தது. பாட விஷயத்தில் இல்லை, புடவை விஷயத்தில். யார் புதிதாக எது வாங்கப் போனாலும், புடவையோ கம்மலோ செருப்போ, முதலில் என்னிடம் வருவார்கள். "டீச்சர், இது நிக்குமா, ஓடிடுமா?" என்று கேட்பார்கள். நிற்கும் என்றால் பத்து வருடம் கழித்தும் கூசாமல் கட்டலாம். ஓடிவிடும் என்றால் அடுத்த தீபாவளிக்கு அது பீரோவின் அடித்தட்டுக்குப் போய்விடும். சென்னையில் விடுதியில் தங்கிப் படித்தவள் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. அதற்கே அவ்வளவு அலட்டல்.

ஆனால் எனக்குக் கண் இருந்தது, அதை மறுக்க மாட்டேன். சென்னையில் ஓடி முடிந்த மோஸ்தர் கள்ளக்குறிச்சிக்கு வந்து சேர ஒரு வருடம் ஆகும். கள்ளக்குறிச்சிக் கடைகளில் ஓய்ந்த பிறகு கல்வராயன் மலையேறி வெள்ளிமலைச் சந்தைக்கு வர இன்னொரு வருடம். கீழே செத்துப்போன ஜிகினாத் துணி மேலே புத்தம்புதிதாகத் தொங்கும். வாரம் ஐந்து நாள் மலைக்கும் ஊருக்கும் பஸ்ஸில் போய்வந்ததால் எது எங்கே பிறந்து எங்கே சாகிறது என்று எனக்கு அத்துப்படி. மினுக்கினால் ஓடும். பெயரைப் பெரிதாக எழுதி வைத்திருந்தால் ஓடும். பக்கத்து வீட்டுக்காரி வைத்திருக்கிறாள் என்பதற்காக வாங்கினால் கட்டாயம் ஓடும். இவைதான் என் விதிகள்.

வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே இருந்த நடுநிலைப் பள்ளியில் நான் அறிவியல் டீச்சர், கூட இருந்தவர் கணக்கு டீச்சர். நான் இங்கே சொல்லவந்தது அந்தக் கணக்கு டீச்சரைப் பற்றி. இரண்டு பேரும் கள்ளக்குறிச்சியில் குடியிருந்தோம். காலையில் ஒரே பஸ், மாலையில் ஒரே பஸ், பக்கத்துப் பக்கத்து இருக்கை. அந்த இருக்கையைப் பிடித்துக் கொடுப்பது எப்போதும் அவர்தான். மலைக்குப் போகும் பஸ் கள்ளக்குறிச்சி நிலையத்துக்குள் திரும்பும்போதே கூட்டம் அதோடு கூடவே ஓடும். துண்டு, சாப்பாட்டுக்கூடை, குழந்தையின் சட்டை என்று கைக்குக் கிடைத்ததை ஜன்னல் வழியாக வீசுவார்கள். எந்த இருக்கையில் எவருடைய பொருள் விழுந்ததோ அது அவருக்கு. அடிதடி நடக்கும் நாளிலும் அந்த நியாயத்தை யாரும் மீற மாட்டார்கள். கணக்கு டீச்சர் கையில் ஒரு கறுப்பு ரெக்சின் பை இருக்கும். என்றோ ஒரு பயிற்சி வகுப்பில் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தது. அதில் அச்சடித்திருந்த எழுத்தெல்லாம் தேய்ந்து போயிருந்தது. ஓடுகிற பஸ்ஸில் மூன்றாவது ஜன்னலுக்குள் அதைக் குறி தவறாமல் போடுவார். இருவர் உட்காரும் இருக்கையில் நீளவாக்கில் விழும். ஒரு பாதி எனக்கு.

அவர் களமருதூர்ப் பக்கத்துக்காரர். அப்பா அம்மா இருவரும் கூலி வேலைக்குப் போய் அவரைப் படிக்கவைத்தார்கள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். அவர்கள் அதைக் கோயில் என்றுதான் சொல்வார்கள். வேலைக்கு வந்ததும் இரண்டு தம்பிகளைப் படிக்கவைத்தார், தங்கைக்குக் கல்யாணம் செய்தார், ஊரில் வீட்டுக்குக் கூரை மாற்றினார். தனக்கென்று அவர் ஒன்று வாங்கி நான் பார்த்ததில்லை. என் அப்பாவுக்குச் சொந்தமாக நிலம் இருந்தது. அவருடைய அம்மாவைப் போன்றவர்கள் எங்கள் வயலில் வந்து நாற்று நட்டுவிட்டுப் போவார்கள். இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது.

கள்ளக்குறிச்சி அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. விழுப்புரத்தில் மூன்று நாள் பயிற்சி. கடைசி நாள் மதியமே முடித்து அனுப்பிவிட்டார்கள். புதுச்சேரி பக்கத்தில்தானே என்று இருவரும் பஸ் ஏறினோம். கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே ஒரு சின்னக் கடை. யாரோ ஒரு டிசைனர் வரைந்து, கையால் தைத்த தோல் பைகள். கண்ணாடிக்குப் பின்னால் ஒவ்வொரு மாதிரியிலும் ஒன்றே ஒன்று வைத்திருந்தார்கள். சும்மா பார்த்துவிட்டு வரத்தான் உள்ளே போனோம்.

கணக்கு டீச்சர் ஒரு பையின் முன்னால் நின்றுவிட்டார். புளி நிறம். மினுக்கு இல்லை, பெயர் இல்லை. பித்தளையில் ஒரு கொக்கி, அவ்வளவுதான். கடைக்காரப் பெண் அதை எடுத்துக் கையில் கொடுத்ததும் அவர் தோளில் மாட்டவில்லை. இரண்டு கையாலும் வாங்கி, கொக்கியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். விலையைக் கேட்டார். கேட்டுவிட்டும் கீழே வைக்கவில்லை.

"டீச்சர், நீங்க சொல்லுங்க. இது நிக்குங்களா, ஓடிடுங்களா? நின்னுச்சின்னா வாங்கிடலாம்னு பாக்கறேன். எனக்குன்னு ஒண்ணு. ஞாயித்துக்கிழம கோயிலுக்கு எடுத்துக்கினு போவேன், கடசி வரைக்கும் வச்சிக்குவேன்."

பார்த்த முதல் நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. என் விதிகள் அத்தனைக்கும் அந்தப் பை ஈடுகொடுத்தது. அது நிற்கிற பொருள். என் அம்மா கையில் இருந்திருந்தாலும் அழகாக இருந்திருக்கும், என் பேத்தி கையிலும் இருக்கும்.

"ஓடிடும் டீச்சர்" என்றேன். "இப்ப வந்திருக்கற பேஷன் இது. அடுத்த தீபாவளிக்கு எவளும் தொட மாட்டா. வெல வேற ஜாஸ்தி. வாணாம்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அவர் நல்லதுக்காகத்தான் சொன்னேன், வீண் செலவுதானே என்று என்னையே ஏமாற்றியும் பார்த்தேன். உண்மை அதைவிடக் கேவலமானது. இவருக்கு எதுக்கு இது என்று தோன்றியது. நாற்று நட வந்தவர்களின் மகள் அந்தப் பையோடு பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருவதை நினைத்தேன். தினமும் என் மடியில் இருக்கும் சாதாரணப் பை ஞாபகம் வந்தது. அவர் ஆசைப்படும் வரை அந்தப் பை என் கண்ணில் படவே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரிங்க டீச்சர், நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். கொக்கியை மூடி, கடைக்காரப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். கடற்கரையில் எனக்குச் சுண்டல் வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த சனிக்கிழமை, தெரிந்தவர் வீட்டில் விசேஷம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் புதுச்சேரிக்குப் போனேன். வாங்குவதற்கு இல்லை, இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு என்று வழி முழுக்க எனக்கே சொல்லிக்கொண்டேன். பை இருந்தது. விலையை இன்றைக்குச் சொன்னாலும் எங்கள் வீட்டில் சண்டை வரும்.

திங்கட்கிழமை அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிலையத்தில் நின்றேன். ஒரு மாதம் பீரோவில் வைத்திருக்கும் பொறுமைகூட எனக்கு இல்லை. கணக்கு டீச்சர் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "வூட்டுக்காரரு, எனக்குத் தெரியாமலே வாங்கியாந்துட்டாரு. நான் வாணாம்னுதான் சொல்லிக்கினு இருந்தேன்." என் கணவருக்குக் கைப்பைக்கும் உரச்சாக்குக்கும் வித்தியாசம் தெரியாது. அவரை ஒரு தடவை பார்த்தவர்கூட இந்தக் கதையை நம்ப மாட்டார். கணக்கு டீச்சர் அவரைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பார்.

"நல்லா இருக்குங்க டீச்சர்" என்றார். "உங்களுக்கு நல்லா இருக்கு."

அதற்குள் பஸ் திரும்பியது. கூட்டம் ஓடியது. அவரும் ஓடினார். ரெக்சின் பை மூன்றாவது ஜன்னலுக்குள் போய் விழுந்தது, எப்போதும் போல நீளவாக்கில். நான் மெதுவாக ஏறிப் போய் என் பாதியில் உட்கார்ந்தேன். திட்டியிருந்தாலோ வேறு இடத்தில் போய் உட்கார்ந்திருந்தாலோ எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்று தொடங்கி எட்டு வருடம் அவர் எனக்கு இடம் பிடித்தார். என் பையை வீச முடியாது, கீறல் விழும். அவர் பை எனக்கும் சேர்த்து விழுந்தது. கோமுகி அணையைத் தாண்டி வளைவுகளில் பஸ் ஏறும்போது குமட்டுகிற பிள்ளைகளுக்கு எலுமிச்சம்பழமும் பிளாஸ்டிக் பையும் அதிலிருந்துதான் வரும். நான் என் பையை மடியில் வைத்து, மேலே முந்தானையைப் போட்டு மூடிக்கொள்வேன். தூசு படக்கூடாது என்று அவர் நினைத்திருக்கலாம். அவர் கண்ணில் படக்கூடாது என்றுதான் மூடினேன்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் அது பழசாகிவிடாதா என்று காத்திருந்தேன். பழசாகிவிட்டால் நான் சொன்னது பொய்யாக இருக்காது அல்லவா? தூக்கி மூலையில் போட்டுவிட்டு, "பாத்தீங்களா டீச்சர், நான் சொன்ன மாதிரியே ஓடிடுச்சி" என்று சிரிக்கலாம். அந்தப் பாழாய்ப்போன பை ஓடவே இல்லை. மழையில் நனையவிட்டேன். சாப்பாட்டு டப்பாவைச் சரியாக மூடாமல் உள்ளே வைத்து ஒருநாள் சாம்பார் கொட்டியது. துடைத்தால் தோல் இன்னும் கொஞ்சம் கருத்துப் பளபளப்பாக வந்தது. புதிதாக வேலைக்கு வந்த இளம் டீச்சர் ஒருத்தி அதைத் தடவிப் பார்த்து, "எங்க வாங்குனீங்க மேடம், சூப்பரா இருக்கு" என்றாள். கணக்கு டீச்சர் பக்கத்து மேசையில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். நான் எழுந்து வகுப்புக்குப் போனேன். அதற்குள் நான் யாருக்கும் நிக்கும், ஓடும் என்று சொல்வதையே விட்டிருந்தேன். வயதாகிவிட்டது, இப்போதைய பேஷன் தெரியவில்லை என்று தட்டிக்கழிப்பேன்.

பிறகு அவருக்கு ரிஷிவந்தியம் பக்கம் மாறுதல் கிடைத்தது. கடைசி நாள் சந்தை நாளாகவும் இருந்தது. வெள்ளிமலையில் மாலை பஸ்ஸுக்கு மரவள்ளிக்கிழங்கு மூட்டைகளோடு ஊரே நின்றது. அவரைப் பிள்ளைகள் விடவில்லை. ஒருவன் பலாப்பழம் கொண்டுவந்திருந்தான், இன்னொருத்தி அழுதுகொண்டிருந்தாள். தூரத்தில் அவர் வந்துகொண்டிருக்கும்போதே பஸ் வந்துவிட்டது.

எனக்கு இடம் பிடித்துப் பழக்கமில்லை. கையில் குடைகூட இல்லை. ஓடினேன். தோளிலிருந்து பையைக் கழற்றி ஜன்னலுக்குள் வீசினேன். கம்பியில் பட்டு உள்ளே ஒருவருடைய கிழங்கு மூட்டைமேல் விழுந்தது. அந்த ஆள் எட்டிப் பார்த்து, "எதுல போடணும்மா?" என்று கேட்டு, நான் காட்டிய இருக்கையில் அதை நீளவாக்கில் வைத்தார்.

கணக்கு டீச்சர் பலாப்பழத்தோடு ஏறி வந்தார். இருக்கையில் கிடந்த பையைப் பார்த்துப் பதறிவிட்டார். கம்பி பட்ட இடத்தில் ஒரு விரல் நீளத்துக்குக் கீறல்.

"இன்னாங்க டீச்சர், இதப் போயி தூக்கிப் போட்டுக்கினு!"

"இத நீங்க வச்சிக்குங்க" என்றேன். மூச்சு வாங்கியது. "அன்னிக்கு நான் பொய் சொன்னேன் டீச்சர். இது நிக்கும்னு எனக்குத் தெரியும். வூட்டுக்காரரு வாங்கியாரல. நானேதான் போயி வாங்கனேன்."

"தெரியுங்க டீச்சர்."

"எப்ப?"

"நீங்க வாணாம்னு சொன்னப்பவே. உங்க மூஞ்சியப் பாத்துக்கினுதான இருந்தேன்."

"தெரிஞ்சும் ஏன் நீங்க வாங்கல?"

அவர் பலாப்பழத்தைக் காலடியில் உருட்டி வைத்துவிட்டு உட்கார்ந்தார். "வாங்கி? அதத் தோள்ல மாட்டிக்கினு தெனம் உங்க பக்கத்துல எப்பிடிங்க உக்கார்றது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கணக்குக்கு விடை சொல்கிற மாதிரி சொன்னார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பையைத் திறந்து என் கண்ணாடிக்கூடு, சாவி, சாப்பாட்டு டப்பா எல்லாவற்றையும் எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, வெறும் பையை அவரிடம் நீட்டினேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

"எடுத்துக்கினு போவ மாட்டேங்க. எறங்கற வரைக்கும் மடியில வச்சிக்கினு வரேன், குடுங்க."

வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சி வரை அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். வளைவுகளில் எல்லோரும் சாயும்போது பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டார். இடையில் ஒருமுறை கொக்கியைத் திறந்தார், மூடினார். பின் இருக்கைப் பெண் ஒருத்தி, "பை புச்சுங்களா டீச்சர்?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, இவங்களுது" என்றார்.

பஸ் நிலையத்தில் கீறல் பட்ட இடத்தை முந்தானையால் துடைத்து என் கையில் கொடுத்தார். ரெக்சின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பலாப்பழத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். அதன் பிறகு இரண்டொரு முறை போனில் பேசியிருக்கிறோம். பையைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

போன மாதம் என் மகள் பீரோவைக் குடைந்து அதை வெளியே எடுத்தாள். தோளில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பினாள். "அம்மா, இத நான் எடுத்துக்கட்டா? பழைய மாடலா தெரியுதா, நல்லா இருக்கா?" என்றாள்.

நிற்கும் என்று சொன்னேன். அந்த ஒரு வார்த்தையை நான் சொல்ல வேண்டியிருந்தது இவளிடம் இல்லை.