ஒரு முனைக்கு மட்டும் குஞ்சம்

டேவிட் அங்கிளைப் பற்றி நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். என்மேல் தப்பு உள்ள இடத்தையும் விடமாட்டேன். அவர் இறந்த செய்தி திங்கட்கிழமை காலை, நான் பள்ளிக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தபோது, எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அம்மா சத்தமாகப் படித்துவிட்டு, "நேத்துகூடப் பேசினாரே" என்றாள். பாதிச் சடையோடு கேம்ப் ரோட்டில் அவருடைய ஜெராக்ஸ் கடை வரை போய்ப் பார்த்தேன். ஷட்டர் இறங்கியிருந்தது.

சேலையூரில் படித்த உங்கள் எல்லோருக்கும் அந்தக் கடை தெரியும். தாளை மெஷினில் வைப்பதற்கு முன் அவர் படித்துப் பார்ப்பார். ஒருமுறை நான் தோழியிடம் வாங்கிவந்த வேதியியல் குறிப்பில் பதினான்காம் பக்கம் இல்லை என்று கண்டுபிடித்து, அவள் வீட்டுக்கே என்னைத் திருப்பி அனுப்பினார். "பாக்காம எடுத்தா அது காப்பி இல்லம்மா, பேப்பருக்குப் புடிச்ச கேடு" என்றார். பின்னால் நின்றவர், "சார், எனக்கு பஸ்ஸு போயிடும்" என்று முனகினார். "அடுத்த பஸ் வரும். பதினாலாம் பக்கம் வராது" என்றார் அங்கிள்.

செவ்வாய், வியாழன், சனி மாலைகளில் கடை மூடியிருக்கும், அவருக்கு டயாலிசிஸ். இடது கையில் ஊசியோடு ஏசி அறையில் நான்கு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். போர்வை கழுத்தை மூடாது. "வெளியே வெயில் கொளுத்துது, உள்ளே பல்லு தந்தி அடிக்குது" என்பார். அப்போது நான் யூடியூப் பார்த்துக் குரோஷா என்னும் கொக்கி ஊசிப் பின்னல் பழகியிருந்தேன். நல்ல தடிமனாக ஒரு ஸ்கார்ஃப் பின்னித் தருகிறேன் என்றேன்.

தாம்பரத்துக் கடைகளில் மெல்லிய உல்லன் நூல்தான் கிடைத்தது. அதனால் நீலம், சாம்பல், வெள்ளை மூன்று இழைகளையும் சேர்த்துப் பிடித்து, பென்சில் பருமனுள்ள கொக்கி ஊசியால் பின்னினேன். ஊசி ஓர் இழையைத் தவறவிட்டால் பின்பக்கம் வளையம் தொங்கும். நூல் பந்துகளோ ஒன்றையொன்று சுற்றிக்கொண்டன. அங்கிள் ஒரு காலி ஏ4 பேப்பர் பெட்டியின் மூடியில் மூன்று ஓட்டை போட்டு, ஓட்டைக்கு ஓர் இழையாக வரும்படி செய்து தந்தார். அதன் பிறகு சிக்கு விழவே இல்லை.

பத்து நாளில் முடித்து, இரண்டு முனையிலும் குஞ்சம் கட்டிக் கொடுத்தேன். ஒரே முறை போட்டுவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"நர்ஸம்மா திட்டுது. குஞ்சம் டியூப்ல மாட்டிக்குமாம். லெஃப்ட்ல இருக்கறத மட்டும் எடுத்துடு."

"ஒரு பக்கம் மட்டுமா? நல்லாவே இருக்காது, அங்கிள்."

"ரைட்டு என்னுது, லெஃப்ட்டு மெஷினோடது. மெஷினுக்கு எதுக்கும்மா அலங்காரம்?"

நான் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு பக்கக் குஞ்சத்தையும் பிரித்துவிட்டு, சிப்பி வடிவில் ஓரம் பின்னித் தருகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். மூன்று இழையில் சிப்பி சரியாக வரவில்லை. பின்னுவேன், பிரிப்பேன். அவர் கேட்டபோதெல்லாம் "நாளைக்கு" என்றேன். அப்படியே மூன்று முறை அவர் அந்தக் குளிரில் போய்ப் படுத்தார். நான்காம் முறை அவர் மனைவி மேரி ஆன்ட்டி வீட்டுக்கே வந்துவிட்டார். "அழகு அப்புறம் பாத்துக்கலாம். அவருக்குக் குளுருது, குடுடி" என்றார். வலது முனையில் மட்டும் குஞ்சம் கட்டி அப்போதே கொடுத்தேன். அதன் பிறகு எட்டு முறை போட்டுக்கொண்டார். பதினொன்றாக இருந்திருக்க வேண்டும்.

அடக்கம் முடிந்த பின், ஸ்கார்ஃபைத் திரும்ப வாங்கிக்கொள்கிறாயா என்று ஆன்ட்டி கேட்டார். நான் தயங்கினேன். "பக்கத்து பெட்டுக்காரர் இது மாதிரி எங்க கிடைக்கும்னு கேட்டுட்டே இருந்தார்" என்று அவரே சொன்னார். சனிக்கிழமை மாலை இருவரும் டயாலிசிஸ் அறைக்கு எடுத்துப் போனோம். அந்தப் பக்கத்து பெட்டுக்காரர் கீழ்க்கட்டளையைச் சேர்ந்த பெயின்டர். அவருக்கு ஊசி வலது கையில்.

நர்ஸ் குஞ்சத்தைப் பார்த்து முகம் சுளித்தார். நான் ஸ்கார்ஃபை முனை மாற்றிப் போட்டேன். குஞ்சம் இடது பக்கம் போய்விட்டது.

"எனக்குன்னே பின்னுன மாரி கீதே, பாப்பா!" என்றார் பெயின்டர்.

டேவிட் அங்கிள் குளிரில் படுத்திருந்த அந்த மூன்று மாலைகளை நான் என்னிடம் வைத்துக்கொள்கிறேன். அதற்காக அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதையும் சேர்த்து வைத்துக்கொள்கிறேன்.

ஆறரை மணிக்குப் பெயின்டர் ஸ்கார்ஃபைக் காதுவரை இழுத்துக்கொண்டு தூங்கிவிட்டார். நர்ஸ் வந்து, அவர் கட்டிலுக்கு மேலிருந்த விளக்குகளை அணைத்தார்.