ஆணியில் மாட்டிய டோக்கன்

"...வெச்ச கைக்குத்தான் குடுப்பேன் சார். நடுவுல எந்தக் கை நீண்டாலும், அது நீண்டுக்கினே இருக்கட்டும்" என்றாள் டீக்கடை அக்கா.

எதிரே நின்றவர் எங்கள் உத்திரமேரூர் பேங்க்கின் புது மேனேஜர். வெளியூர்ப் பையன், மரியாதை தெரிந்தவர். அவர் கேட்டது, அக்காவின் தலைக்குப் பின்னால் சாமி காலண்டருக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய பித்தளை டோக்கனை. அது பேங்க் டோக்கன். கேட்டதில் தப்பில்லை. அவள் மறுத்ததிலும் தப்பில்லை. இந்த வயதில் இப்படிப்பட்ட வழக்குகள்தான் என்னை அதிகம் களைக்க வைக்கின்றன. யாராவது ஒருத்தர் அயோக்கியராக இருந்தால் தேவலை என்று தோன்றிவிடுகிறது.

நான் அந்த டீக்கடைக்கும் பேங்க் கேட்டுக்கும் நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பணம் எடுக்கும் பாரம் எழுதித் தருகிறவன். எட்டாவதோடு நின்ற படிப்பு. இங்கிலீஷ் எழுத்தெல்லாம் பாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகியதுதான். ஊர் என்னை ரைட்டர் என்கிறது. சேர்த்து வைத்த சொத்து என்றால், வரிசையில் நிற்கிற ஜனங்கள் போகிற போக்கில் உதிர்த்த பேச்சுகள். "போர்டு மூணு மாறிச்சி, பேனா கட்டின கயிறு மாறல" என்று எங்கள் பேங்க்கின் சரித்திரத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனார் ஆடு மேய்க்கிற ஒருவர்.

அதைக் கொஞ்சம் நீட்டினால் இப்படி வரும். முதலில் அது பேங்க் இல்லை, ஃபண்டு. ஏரிப் பாசனத்தில் நிலம் வைத்திருந்த சில குடும்பங்கள் சேர்ந்து ஒரு வீட்டின் முன்கட்டில் நடத்தியது. பங்குதாரர்கள் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து, காபி குடித்துவிட்டுப் பணம் வாங்கிப் போவார்கள். அவர்கள் வயலில் நாற்று நட்டவர்கள் படியேறக் கூடாது. கூலி ஃபண்டு வழியாக வருகிற நாளில் தெருவில் நிற்க வேண்டும், ஜன்னல் வழியாக எண் சொல்லிக் கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிடுவதற்காக வார்த்தவைதான் அந்த டோக்கன்கள். மேலே ஓட்டை, நடுவில் எண், சுற்றிலும் ஃபண்டின் பெயர். உள்ளே உட்கார்ந்தவர்களுக்கு டோக்கனே கிடையாது என்று பழைய ஆட்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பிறகு ஃபண்டை ஒரு பேங்க் எடுத்துக்கொண்டது, அந்த பேங்க்கை வேறொரு பேங்க். படி எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. டோக்கன் மட்டும் பழையபடியே இருந்தது. அதை வைத்துக்கொண்டு வெயிலில் நின்றவர்களும் பெரும்பாலும் முன்பு தெருவில் நின்றவர்களின் வீட்டுப் பிள்ளைகள்தான்.

பணம் காஞ்சிபுரத்திலிருந்து வேனில் வர வேண்டும். நூறு நாள் வேலைக் கூலி ஏறுகிற நாளில் வேன் வந்து சேர்வதற்குள் வெயில் உச்சிக்கு ஏறிவிடும். காலையிலேயே பாரத்தைக் கொடுத்து டோக்கன் வாங்கியவர்கள் எத்தனை நேரம் வெறும் வயிற்றோடு நிற்பார்கள்? டோக்கனை அக்காவிடம் வைத்துவிட்டு நாஷ்டா பண்ணுவார்கள். அவள் அதை ஆணியில் மாட்டுவாள். உள்ளே எண்ணைக் கூப்பிட்டதும் கழற்றி, வைத்தவர் கையில் கொடுத்து, கூடவே கவுன்டர் வரை நடப்பாள். பணம் கைக்கு வந்ததும் இட்லிக்கும் டீக்கும் உள்ளதை அங்கேயே வாங்கிக்கொள்வாள். அவளைப் பார்த்துக் காய்கறி வண்டிக்காரரும் செருப்புத் தைக்கிறவரும் டோக்கனுக்குக் கடன் கொடுக்க ஆரம்பித்தார்கள். சர்க்கார் அடித்த நோட்டு ஒன்று என்றால், எங்கள் தெருவின் நோட்டு இந்தப் பித்தளை.

அந்த நோட்டுக்கு அக்கா வைத்த சட்டம் ஒன்றுதான். வைத்த கைக்குத்தான் திரும்பும். பெண்டாட்டி வைத்த டோக்கனைக் குடித்துவிட்டு வந்து கேட்ட ஒருவரை, "டோக்கன் பேசாது நைனா, வெச்சவ வந்து பேசணும்" என்று ஜாரணிக் கரண்டியைக் காட்டித் திருப்பி அனுப்பினாள். கூலிக்காரப் பெண்கள் அவள் கடையில் தைரியமாக டோக்கன் வைத்ததற்கு அந்த ஒரு சொல்தான் காரணம். அவளுக்கு வேறு மூலதனம் கிடையாது.

பெரிய நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த வாரங்களில் ஒரு நாள், மாகறலிலிருந்து வந்த கூலிக்காரர் ஒருவர் டோக்கனை அவளிடம் வைத்து இட்லி சாப்பிட்டார். அவருக்குப் பாரம் எழுதியது நான்தான். அன்று வேன் வரவே இல்லை. பொழுது சாய்கிற நேரத்தில் கேஷியர் வெளியே வந்து, இன்றைய பாரமெல்லாம் ரத்து, பணம் அவரவர் கணக்கிலேயே இருக்கிறது, டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நாளைக்கு வாருங்கள் என்று தொண்டை கிழியச் சொன்னார். மாகறல்காரர் அதற்குள் பஸ் ஏறிவிட்டிருந்தார். மறுநாள் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. கேஷியர் அந்த எண்ணை மட்டும் புழக்கத்திலிருந்து நிறுத்தி வைத்தார். டோக்கன் ஆணியிலேயே தங்கிவிட்டது.

அந்த வருஷத்துக்குப் பிறகு மாகறல் ஜனங்கள் அக்காவின் கடைக்கு வருவது நின்றுபோனது. பஸ்ஸை விட்டு இறங்கி, எதிர்ச் சாரிக் கடைக்குப் போய்விடுவார்கள். "நம்ம டீயில இன்னா கொறை கீதுன்னு யாருனா சொன்னா திருத்திக்கலாம்" என்று அவள் சில நாள் சொல்லிப் பார்த்தாள். பிறகு சொல்வதையும் விட்டுவிட்டாள்.

இப்போது இந்தக் கிளையை பஸ் ஸ்டாண்ட் கிளையோடு சேர்க்கிறார்கள். மாதக் கடைசியில் கதவைச் சாத்த வேண்டும். அதே நாளில் கேஷியர் ரிட்டையர் ஆகிறார். பித்தளை டோக்கன்களை ஒன்று விடாமல் மேலிடத்துக்கு அனுப்பினால்தான் அவருக்கு விடுவிப்புக் கடிதம். ஒன்று குறைகிறது. அது எங்கே தொங்குகிறது என்பது தெருவுக்கே தெரியும். மேனேஜர் கேட்டுவிட்டு வெறுங்கையோடு போனார். கேஷியரோ தினமும் வந்து டீ குடித்தார், ஆணியைப் பார்த்தார், போனார். நீங்களே கேட்டால் என்ன என்று நான் ஒரு நாள் அவரிடம் சொன்னேன்.

"நான் கேட்டா சட்டத்த ஒடச்சிக் குடுத்துடுவா ரைட்டரே. அதனாலதான் கேக்கல" என்றார்.

அதைக் கேட்ட பிறகு என்னால் ஸ்டூலில் உட்கார முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து மாகறலுக்குப் போனேன். பாரத்தில் எழுதிய பெயரும் தெருவும் நினைவிருந்தன. வீட்டு வாசலில் அந்தக் கூலிக்காரர், நீட்டிய காலை மடக்க முடியாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நோட்டு செல்லாமல் போன அந்த வாரம், டோக்கன் வைத்த மறுநாள் விடியலிலேயே மேஸ்திரி வேனில் மெட்ராஸுக்குக் கட்டட வேலைக்குப் போயிருக்கிறார். அங்கே சாரத்திலிருந்து விழுந்ததில் கால் முடங்கிவிட்டது. டோக்கன் இன்னும் ஆணியில்தான் இருக்கிறது என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்பில் கோபம்கூட இல்லை.

"டோக்கன வெச்சிக்கினு இன்னா பண்றது? துட்டத்தான் அந்தம்மா அன்னிக்கே எடுத்துக்கிச்சே."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பொறுமையாகக் கேட்கக் கேட்கத்தான் விளங்கியது. பாரத்தில் ரேகை வைத்தார், பேங்க் டோக்கன் கொடுத்தது. அந்த டோக்கனை அக்காவிடம் கொடுத்தார். அப்படியானால் வேன் வந்ததும் பணம் டோக்கன் வைத்திருக்கிறவளுக்குத்தானே போகும்? இட்லிக்குப் போக மீதியை அவள் தருவாள் என்று நம்பிப் போயிருக்கிறார். தெருவே டோக்கனைப் பணமாக வாங்கிக்கொண்டிருக்கும்போது அவர் வேறு எப்படி நினைப்பார்? மெட்ராஸில் அடிபட்டுக் கிடந்தபோது மனைவியை அனுப்பிக் கேட்கச் சொல்லியிருக்கிறார். எங்க வூட்டுக்காரரு வெச்சதக் குடு என்று அவள் கேட்க, வெச்ச ஆளை வரச் சொல்லு என்று அக்கா தன் சட்டத்தைச் சொல்லியிருக்கிறாள். அதோடு முடிந்தது. "அந்தக் கடையில டீ குடிச்சா கூலியும் சேந்து கொதிக்கும்" என்று மாகறலில் ஒரு பேச்சே உண்டாகிவிட்டது. இத்தனை வருஷமாகப் பேச்சு பொறுக்குகிற என் காதுக்கு அது மட்டும் வந்து சேரவில்லை.

பணம் ஒரு பைசா குறையாமல் உங்கள் கணக்கிலேயே கிடக்கிறது என்றேன்.

"ஊரே அவுங்கள வாயில போட்டு மென்னுச்சே ரைட்டரே. நான் எந்த மூஞ்ச வெச்சிக்கினு அந்தப் பக்கம் வர்றது?" என்றார். "வரணும்னாலும் இந்தக் காலு வுடாது."

திங்கட்கிழமை கூலி ஏறுகிற நாள். பேங்க் கேட்டிலிருந்து டீக்கடை வரை ஜனம். நடந்ததை எல்லாம் அக்காவிடம் சொன்னேன். அந்தக் கொதிக்கிற பேச்சையும் மறைக்கவில்லை. அதை மட்டுமாவது விழுங்கியிருக்கலாமோ என்னவோ. அவள் டீ ஆற்றுவதை நிறுத்தாமல் கேட்டாள். கோபம் வரும் என்று பார்த்தேன். முகத்தில் வந்தது அசதி ஒன்றுதான்.

"அந்தப் பொண்ணு கைக்கொழந்தையோட வந்துச்சி. உன் துட்டு பேங்க்குல கீதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஆயிருக்கும்" என்றாள். "அதுக்குத் தெரியும்னே நெனச்சிட்டேன்."

வரிசைக்கு இன்னொரு டீயை நீட்டிவிட்டு, "அந்தாளு காலு வராதுன்னா என் காலு போவட்டும்" என்றாள்.

கேஸை அணைத்தாள். கூட்டம் நிற்கிற கூலி நாளில் அந்த அடுப்பு அணைந்து நான் பார்த்ததில்லை. கெட்டிலில் இருக்கிற டீயை நீங்களே ஊற்றிக் குடித்துக்கொள்ளுங்கள் என்று வரிசையைப் பார்த்துச் சொன்னாள். மேனேஜர் கேட்டுக்கு வந்து நின்றார், கேஷியர் ஜன்னலில் நின்றார். இரண்டு பேரையும் அவள் பார்க்கவில்லை. டோக்கனைக் கழற்றி முந்தானையில் துடைத்து, அதிலேயே முடிந்துகொண்டாள். மிச்சமிருந்த வடைகளைப் பேப்பரில் கட்டினாள். மாகறல் வழியாகப் போகிற காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏறி, பெண்களுக்கான ஓசி டிக்கெட்டை வாங்கி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, பஸ் கிளம்புவதற்கு முன்பே முந்தானை முடிச்சைக் கையில் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டாள்.