துண்டுக்குள் கை கொடுத்தவர்

அறுபதுகளின் தொடக்கத்தில், தென்காசி மாட்டுச் சந்தையில் அந்த வெள்ளைக்காரரைப் பார்த்தேன். குற்றால அருவியில் குளித்த ஈரத்தலையோடு வேடிக்கை பார்க்க வந்திருந்தார். பனைமர உயரம், வெயிலில் சிவந்த மூக்கு. எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் கை கொடுத்துக் குலுக்கினார். சுக்குக்காப்பி விற்றவரைக்கூட விடவில்லை.

அங்கே மாடு விற்க வந்த ஒரு அண்ணாச்சியும் தரகரும் துண்டுக்கடியில் விரல் பிடித்து ஒரு காளைக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு விரலுக்கு நூறு ரூபாய் என்பது கணக்கு. வெள்ளைக்காரர் அதையும் கைகுலுக்கல் என்றே நினைத்துவிட்டார். தரகர் கையை எடுத்ததும் தன் கையை உள்ளே விட்டு, ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்துக் குலுக்கினார்.

அண்ணாச்சி துள்ளிக் குதித்தார். "எல்லாரும் பாத்துக்கிடுங்கவே! தொரை அஞ்சு வெரலையும் பிடிச்சிட்டாரு. ஐநூறு ரூவாய்க்கு வெல முடிஞ்சு போச்சு!"

"அவருக்கு என்னவே தெரியும்? விட்டுரும்" என்றார் தரகர்.

"துண்டுக்குள்ள பேசினா பேசினதுதான்வே!"

அடிதடி வந்துவிடுமோ என்று பயந்து, நான் அரைகுறை இங்கிலீஷில் துரையிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பணத்தை எடுத்து நீட்டிவிட்டு என்னிடம் கேட்டார்: "அருவியில் இதையும் குளிக்க விடுவார்களா?"

அவரோடு நானும் குற்றாலத்துக்கு நடந்தபோது, மேலகரம் பாதையில் காளை முரண்டு பிடித்து நின்றது. அவர் குனிந்து அதன் முன்னங்காலைப் பிடித்துக் குலுக்கினார். அண்ணாச்சி அடித்தாலும் நகராத காளை, அவர் பின்னால் துள்ளிக்கொண்டு போனது எப்படி என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.