உயிரோடு இருக்கும் அக்காவுக்கு ஒரு கல்வெட்டு

1993 ஆவணி, வெள்ளிக்கிழமை. காலை ஆறு மணிக்கு வவுனியாவில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். கொழும்பிலிருந்து இருநூற்றைம்பது கிலோமீட்டர். அறுபத்தெட்டு வயது இடுப்பு என்னோடு இறங்க மறுத்து, கொஞ்சம் பொறுத்துத்தான் வந்து சேர்ந்தது. கையில் ஒரு துணிப்பை. அதற்குள் இரண்டு வேட்டி, இருதயத்துக்கு மாத்திரை, எழுதாத கொப்பி ஒன்று.

எதற்காகப் போனேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வன்னியில், பரந்தனுக்குக் கிட்ட முரசுமோட்டையில் என் அக்கா முத்தாயி இருக்கிறாள். வயது எழுபத்துநான்கு. மகள் சரசுவைக் கொண்டு ஒரு துண்டுக் கடிதம் எழுதுவித்து, ஆள் மூலம் அனுப்பியிருந்தாள். “தம்பி, நான் போறதுக்கு முந்தி வந்து எனக்குக் கல்வெட்டு எழுதித் தா. செத்தப்புறம் வாசிச்சா எனக்கா கேக்கப் போவுது?”

கல்வெட்டு என்றதும் கல்லும் உளியும் நினைக்க வேண்டாம். வடக்கில் ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள், அவருடைய ஊர், பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் என்று எல்லோரையும் பாட்டில் வைத்துப் பாடி, சிறு புத்தகமாக அச்சடித்து, வந்தவர்கள் முன் வாசிப்பார்கள். அதன் பெயர்தான் கல்வெட்டு. கவியரங்க மேடைகளில் மாலை வாங்கிய நான், இதை எழுதுகிறவர்களை இளக்காரமாகவே பார்த்து வந்தவன்.

இராணுவத்தின் பகுதி முடியும் தாண்டிக்குளம் சோதனைச் சாவடியில் எட்டு மணிக்கு வரிசையில் நின்றேன். பதினொன்றுக்குத்தான் என் முறை வந்தது. சிப்பாய் ஒருவன் வெறும் கொப்பியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, என்ன எழுதப் போகிறாய் என்று சிங்களத்தில் கேட்டான். மரணச் சடங்குக்குப் பாட்டு என்றேன். யார் செத்தது என்றான். இன்னும் சாகவில்லை என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இந்தக் கிழவனிடம் கதை கொடுத்துப் பயனில்லை என்று போகச் சொன்னான்.

ஓமந்தை வரை சைக்கிள் கரியரில் பயணம், ஐம்பது ரூபா. அங்கிருந்து பரந்தனுக்கு, பெற்றோலுக்குத் தடை என்பதால் மண்ணெண்ணெயில் ஓடும் வான், நூற்றைம்பது ரூபா. புகை முன்னே போக, நாங்கள் பின்னே போனோம். புளியங்குளம் சந்தியில் வான் நின்றது. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்ரீ குடித்தோம். சாரதி விசாரணையைத் தொடங்கினார்.

“ஐயா எவடம்?”

“கொழும்பு.”

“அது வேலை இடமெல்லோ. சொந்த ஊர்?”

“கண்டிப் பக்கம்.”

“தோட்டமோ?”

“இல்லை, டவுன்.”

இது ஐம்பது வருடமாக நான் சொல்லிவரும் பொய். நானும் அக்காவும் பிறந்தது மாத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளருக்குக் கட்டிய வரிசை வீடுகளில், ஏழாம் நம்பர் லயத்தில். பதினாறு வயதில் கொழும்புக்கு வந்து அச்சகத்தில் எழுத்துக் கோர்த்தேன். ‘தோட்டக்காட்டான்’ என்று ஒருவன் சிரித்த அன்று ஊரை மாற்றினேன். கவிஞனானபோது பேரையும் மாற்றினேன். அதன் பிறகு அக்கா வீட்டுக்கு வந்ததெல்லாம் இரண்டு தடவை. அதுவும் யாருக்கும் தெரியாமல்.

மாலை நாலரைக்கு முரசுமோட்டை. வயலோரம் மண்வீடு. அக்கா பாயில் படுத்திருந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாலும் வாய் குறையவில்லை.

“வந்துட்டியா? வயசாயிருச்சேடா ஒனக்கு.”

“ஒனக்கு மட்டும் கொறஞ்சிருக்கா?” என்றேன். அவள் முன்னால் என் கொழும்புத் தமிழ் தானாகக் கழன்று விழுந்தது.

“மாமா களைச்சுப் போனியள். முதல்ல குளியுங்கோ, பிறகு கதைக்கலாம்” என்றாள் சரசு. பதினைந்து வருடத்துக்கு மேல் இங்கே இருப்பவள், அவள் பேச்சு வன்னிப் பேச்சாகிவிட்டது.

நான் குளித்த கிணற்றை வெட்டியது அக்காவும் அத்தானும். எழுபத்தேழில் லயத்துக்குத் தீ வைத்தபோது உடுத்த துணியோடு இங்கே வந்து, காடு வெட்டி, பாறை உடைத்துத் தண்ணீர் கண்டார்கள். அத்தான் போய்விட்டார். காணிக்கு இன்னும் பத்திரம் இல்லை. தோட்டத்து ஆட்கள் என்று பிரஜாவுரிமை மறுக்கப்பட்டவளுக்கு எப்படிக் கொடுப்பது என்று கேட்டார்களாம். இந்த நாட்டில் பிறந்து, சின்ன வயதிலிருந்து இந்த நாட்டு மண்ணையே கொத்தியவளிடம் கேட்ட கேள்வி இது.

சனிக்கிழமை. விடியலில் எழுதத் தொடங்கி, பத்து மணிக்கு அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். ஊர்ச்சிறப்பில் காவிரியையும் முசிறியையும் அள்ளி வைத்திருந்தேன்.

“முசிறியா? அது எங்க இருக்கு?”

“தாத்தா பொறந்த ஊரு.”

“அப்ப அத அவருக்கு எழுது. எனக்கு முரசுமோட்டைன்னு போடு. கெணறு வெட்டியிருக்கேன்ல. கல்வெட்டுல யாரும் பத்திரம் கேக்க மாட்டாங்க.”

மாற்றினேன். பெற்றோர், கணவர், பிள்ளைகள் எல்லாம் வாசித்து முடித்தேன். அக்கா கூரையைப் பார்த்தபடி கிடந்தாள்.

“எனக்கு ஒடன்பொறப்பே இல்லையா தம்பி?”

கறிக்கு உப்புப் போட்டாயா என்பது போலத்தான் கேட்டாள். நான் கொப்பியைப் பார்த்தேன். உடன்பிறந்தார் பகுதியையே எழுதாமல் விட்டிருந்தேன். மறந்து விட்டதல்ல. நாளைக்கு இது அச்சாகும், ஒரு பிரதி கொழும்புக்கு வரும், நான் யார் என்று நாலு பேர் படிப்பார்கள் என்று என் கை எனக்கு முந்திக்கொண்டு யோசித்திருக்கிறது. நீதி, சமத்துவம் என்று நாற்பது வருடம் மேடையில் முழங்கிய கை. அன்று மத்தியானமே கொப்பியை மறுபடி திறந்தேன்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மாமரத்தடியில் பாய் விரித்து, அயலவர் பத்துப் பேர் உட்கார்ந்தார்கள். உயிரோடு இருப்பவளுக்குக் கல்வெட்டா என்று சிலருக்குச் சிரிப்பு. அக்காவைக் கதிரையில் தூக்கி இருத்தினோம். வாசித்துக்கொண்டே வந்து அந்த இடத்தை அடைந்தேன்.

“தேயிலைத் தோட்டத்து ஏழாம் லயத்தினிலே சின்னசாமி தன்னோடு உடன்பிறந்த தமக்கையாம்...”

சின்னசாமி என்ற பேரை என் வாய் சொல்லி நாற்பது வருடத்துக்கு மேல் இருக்கும். யார் அந்தச் சின்னசாமி என்று ஒரு பெண் கேட்டாள். நான்தான் என்றேன். அக்கா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

பதினொரு மணிக்குப் புறப்பட்டேன். “அச்சடிச்சு அனுப்புறேன் அக்கா” என்றேன்.

“எனக்கு எதுக்கு? நான்தான் கேட்டுட்டேனே. நீ வச்சிக்க” என்றாள்.

அடுத்த வளவில் இருக்கும் பள்ளிக்கூட வாத்தியார் என்னைப் பரந்தனுக்குச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். நாலைந்து கிலோமீட்டர். பாதி வழியில் வாய் திறந்தார்.

“ஐயா, உங்கட குரலைக் கேட்டவுடனேயே எனக்குப் பிடிபட்டிட்டுது. ரேடியோக் கவியரங்கத்தில படிக்கிறவர் நீங்கள்தானே?”

“ஓம்.”

“பற்றரி இல்லை பாருங்கோ. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோவைச் சுத்தித்தான் எங்கட வீட்டில கேக்கிறனாங்கள். உங்கட அக்காவும் வருவா. ரேடியோவுக்குக் கிட்டத்தான் இருப்பா. தம்பியெண்டு ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை.” ஒரு பள்ளத்தைத் தவிர்த்துச் சைக்கிளை வளைத்தார். “நீங்கள் படிச்சு முடிய எழும்பிப் போய்க் கிணத்தடியில நிண்டு அழுவா. பாட்டு அவ்வளவு நல்லாயிருக்காக்கும் எண்டு நினைச்சனாங்கள்.”

அவ்வளவு நல்ல பாட்டு ஒன்றும் நான் எழுதியதில்லை.