இரவல் முகத்துக்காரி

எங்கள் வீட்டுக்குள் ராக்கெட் என்ற சொல்லைக் கொண்டுவந்தவர் மாமா. அம்மாவின் தம்பி. திண்டுக்கல்லில் ஒரு சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழிக்கும் வேலை அவருக்கு. தாடிக்கொம்பில் பூந்தோட்டம் வைத்திருந்த தாத்தாவுக்கு, ஆண்பிள்ளை இப்படிக் காகிதம் கிழித்துப் பிழைப்பது பிடிக்கவில்லை. அதனால் மாமா எங்களோடு இருந்தார். சாப்பிட உட்காரும்போதெல்லாம் அன்றைய படத்தின் கதையை அவர் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் தங்குவதற்கு அதுதான் வாடகை. புகையிலை மண்டியிலிருந்து களைத்து வரும் அப்பாகூட, கேட்காததுபோல உட்கார்ந்து கேட்பார்.

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். வானத்திலிருந்து ஆட்கள் இறங்கி வருவதாக ஒரு படம் வந்தது. ராக்கெட்டைக் கட்டி இழுத்த கயிறு திரையில் நன்றாகவே தெரிந்ததாம். ஆனாலும் கூட்டம் குறையவில்லை. படத்தைவிட அதிகம் பேசப்பட்டது படத்தோடு வந்த புத்தகம். மந்திரக் கதைகளுக்குப் பேர்போன ஓர் எழுத்தாளரைப் பிடித்து, படக் கம்பெனிக்காரர்கள் அந்தக் கதையை நாவலாக எழுத வைத்திருந்தார்கள். பேசும் யானை, கண்ணாடிக்குள் குடியிருக்கும் இளவரசி என்று எழுதி, பத்திரிகை வரும் நாளில் யார் முதலில் படிப்பது என்று வீடு வீடாகச் சண்டை மூட்டியவர் அவர். விஞ்ஞானம் அவர் கைக்குள் வந்ததும் வேறு மாதிரி ஆகிவிட்டது. அவருடைய ராக்கெட் இட்லிக் கொப்பரை மாதிரி ஆவியில் ஓடியது. வழி தப்பினால் ஓட்டுகிறவர் தலையை நீட்டி மேகத்திடம் விசாரித்தார். வானத்து ஆட்கள் மோரைக் கண்டால் அலறிக்கொண்டு ஓடினார்கள். படத்தில் இதில் பாதிகூடக் கிடையாது. கம்பெனிக்காரர்களுக்கு இதில் கோபம் என்று மாமா சொன்னார். என்றாலும் கொட்டகை வாசலில் புத்தகம் நன்றாக விற்றது.

மாமா ஒரு பிரதி கொண்டுவந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வாசித்துக் காட்டினார். அம்மா அரிசியில் கல் பொறுக்கியபடி கேட்டுக்கொண்டிருப்பாள். சிரிப்பு வந்தால் புறங்கையால் வாயை மூடிக்கொள்வாள். அது அவளுடைய வழக்கம்.

அதில் ஓர் அத்தியாயம் மட்டும் என்னைப் பிடித்துக்கொண்டது. வானத்து ஆட்களுக்குச் சொந்த முகம் கிடையாது. கிணற்றுக்குள் ஒளிந்திருந்து, தண்ணீரில் யார் முகம் விழுகிறதோ அதை இரவல் எடுத்து மாட்டிக்கொள்வார்கள். அவசரத்தில் எடுப்பதால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். போலீஸ்காரர் முகத்தை எடுத்தவன் மீசையை விட்டுவிட்டான். மளிகைக்கடைக்காரர் முகத்தை எடுத்தவனுக்கு ஒரு காதைக் காணோம். பிறகு அந்த ஆள் எப்படிப் பேசுவார், எப்படி நடப்பார், எப்படிச் சிரிப்பார் என்று விசாரித்துப் பழகிக்கொண்டு, ஒரு நாள் அவர் வீட்டுக்கே போய்ச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள். வீட்டில் உள்ளவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. எழுத்தாளர் வேடிக்கையாகத்தான் எழுதியிருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் கொல்லையில் கிணறு இருந்தது.

அந்தச் சமயத்தில் ஒரு நாள், பள்ளிக்கூடம் இல்லாத பகலில், கடைக்குப் போய் வரலாம் என்று மாமா என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டார். அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். சைக்கிள் எந்தக் கடையிலும் நிற்கவில்லை. மலைக்கோட்டையைச் சுற்றிக்கொண்டு பேகம்பூர்ப் பக்கம் போனது. அந்தப் பக்கம் நான் போனதே இல்லை. காற்றில் தோல் ஊறும் வாடை வந்தது. நல்ல உச்சி வெயில். தெருவில் ஆள் இல்லை. வீட்டு வாசல்களில் தொங்கிய சாக்குத் திரைகள் மட்டும் உள்ளிருந்து யாரோ மூச்சு விடுவதுபோல லேசாக உப்பி அடங்கின.

அதில் ஒரு திரைக்கு முன்னால் நின்று மாமா, "அக்கா" என்று கூப்பிட்டார்.

அவருக்கு அக்கா என்றால் என் அம்மா ஒருத்திதான் என்று நான் நினைத்திருந்தேன். திரை விலகியது. அங்கே நின்றதும் அம்மாதான்.

அதே மூக்கு. அதே தாடைக் குழி. தலையைச் சுற்றி வெள்ளைத் துப்பட்டி. காது விளிம்பு முழுக்க வளையங்கள். வீட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் எப்படி எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்தாள் என்று யோசித்தேன். அப்புறம்தான் நெற்றியைப் பார்த்தேன். பொட்டு இல்லை. எப்போதுமே இருந்திராததுபோல வெறிச்சென்று இருந்தது. விட்டுப்போனது அதுதான் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

"வா தாயி. இம்புட்டு வளந்துட்டியா?" குரலும் அம்மாவுடையது.

உள்ளே இழுத்துப் பாயில் உட்கார வைத்தாள். பாவாடையை விலக்கி என் முட்டியைப் பார்த்து, "காயம் ஆறிடுச்சா?" என்று கேட்டாள். போன மாதம் நான் விழுந்தது அவளுக்கு எப்படித் தெரியும்? என் உச்சந்தலையில் மூக்கை வைத்து மெதுவாக மூச்சை இழுத்தாள். நான் அசையவில்லை. என் முகமும் போகப்போகிறது என்று நினைத்தேன்.

நெய் மிதக்கும் சேமியாப் பாயசம் கொடுத்தாள். பயத்தில் மொத்தத்தையும் குடித்துவிட்டேன். அவள் எதிரே உட்கார்ந்து அம்மாவைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தாள். பனிக்காலத்தில் இன்னமும் தலைவலி வருகிறதா, அடுப்படியில் நிற்கும்போது பாட்டு முணுமுணுக்கிறாளா, முடி கொட்டிவிட்டதா, கோபம் வந்தால் முன்பு மாதிரி பேசாமல் இருந்துவிடுகிறாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பதிலை வாங்கி மனசுக்குள் திருப்பிச் சொல்லிக்கொள்வதுபோல அவள் உதடுகள் அசைந்தன. மாமா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில், "உங்கம்மா எப்பிடிச் சிரிப்பா? செத்த சிரிச்சுக் காட்டு" என்றாள்.

நான் புறங்கையால் வாயை மூடிக்காட்டினேன். அவளும் சிரித்தாள். அவள் புறங்கையும் வாய்க்குப் போயிற்று. அச்சு அசல் அம்மாதான். நானேதான் சொல்லிக்கொடுத்துவிட்டேன்.

திரும்பும் வழியில் மாமாவின் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அது வானத்திலிருந்து வந்ததுதானே என்று கேட்டேன். மாமா கொஞ்ச தூரம் மிதித்தார். பிறகு சைக்கிளை நிறுத்தினார். சொல்ல வேண்டிய பொய்யை அவர் தேடவே வேண்டியிருக்கவில்லை. அதை நானே அவர் கையில் கொடுத்திருந்தேன்.

"ஆமா பாப்பா. ஆனா கெட்டவுக இல்ல. வீட்ல மூச்சு விட்றாத. வெளிய தெரிஞ்சா அவுக இந்த ஊர்ல இருக்க முடியாது."

அதன் பிறகு நான் அம்மாவுக்குக் காவல் இருந்தேன். தண்ணீர் இறைக்கப் போனால் பின்னாலேயே போய், அவள் குனிந்து எட்டிப் பார்க்காதபடி முந்தானையைப் பிடித்து இழுத்தேன். விளையாடப் போகவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் முதலில் அவள் நெற்றியைப் பார்த்தேன். அடுப்படியில் அவள் ஏதாவது முணுமுணுத்தால் அது பழைய பாட்டுதானா என்று காது கொடுத்தேன். ராகம் கொஞ்சம் பிசகினாலும் அன்று சோற்றைத் தள்ளிவைத்துவிடுவேன். வயிற்றில் பூச்சி இருக்கும் என்று அப்பா விளக்கெண்ணெய் வாங்கிவந்தார். அதையும் குடித்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அம்மா தலைக்குக் குளித்துவிட்டு, ஈரத் தலையில் வெள்ளைத் துண்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தாள். இன்னும் பொட்டு வைத்திருக்கவில்லை. நான் கத்தின கத்தலில் கையிலிருந்த செம்பைக் கீழே போட்டுவிட்டாள். கிட்டே வந்தவளைத் தள்ளிவிட்டு, என் அம்மாவை எங்கே வைத்திருக்கிறாய் என்று அழுதேன். அப்பா மண்டிக்குப் போயிருந்தார். அவள் என்னை மடியில் இறுக்கிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு வாங்கிவிட்டாள். பேகம்பூர், சாக்குத் திரை, வெறும் நெற்றி, சிரிப்பு எல்லாவற்றையும் சொன்னேன்.

பயப்படுவாள், மாமாவைத் திட்டுவாள், சாமி அறைக்குப் போய் விபூதி எடுத்து வருவாள் என்று எதிர்பார்த்தேன். துண்டிலிருந்து தண்ணீர் சொட்டி என் கையில் விழுந்துகொண்டிருந்தது. அம்மா, "இளைச்சிருக்காளா?" என்றாள்.

உன்னை மாதிரியேதான் இருக்கிறாள் என்றேன்.

"பாயசத்துல நெய் நெறைய விட்டிருந்தாளா?"

நிறைய என்றேன். அம்மா தலையை ஆட்டினாள். அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். அன்று அவள் மாமாவுக்குச் சோறு போடும்போது இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஆனால் அவர் தட்டில் குழம்பு வழிந்தது.

அடுத்த வாரம் அம்மா எங்கள் வீட்டில் யாரும் நம்ப முடியாத ஒன்றைச் சொன்னாள். அந்த ராக்கெட் படத்தைப் பார்க்க வேண்டுமாம். அப்பா சிரித்துவிட்டுச் சரி என்றார். மத்தியான ஆட்டத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். பெண்கள் பக்கத்தில், சுவரோரமாக ஒரு பெஞ்சில் மாமா எங்களை உட்கார வைத்தார். விளக்கு அணைந்து படம் ஆரம்பித்த பிறகு கதவுத் திரை விலகி வெளிச்சம் கொஞ்சம் உள்ளே விழுந்தது. வெள்ளைத் துப்பட்டி ஒன்று தடவித் தடவி வந்து அம்மாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தது.

அம்மா என் கையை விட்டுவிட்டாள்.

திரையில் ராக்கெட் புகைவிட்டுக் கிளம்பியபோது அந்த வெளிச்சத்தில் இரண்டு முகங்களையும் சேர்த்துப் பார்த்தேன். இருவரும் திரையைப் பார்க்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே முகம் தன்னைத்தானே பார்ப்பதுபோல இருந்தது. மறுபடி இருட்டு. வானத்து ஆள் ஒருவன் எருமை மேல் ஏறி உட்கார்ந்ததும் கொட்டகையே சிரித்தது. என் பக்கத்தில் இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார்கள். ஒரு கை நீண்டு என் தலையைத் தடவியது. அது யாருடையது என்று தெரியவில்லை. அந்தக் கையில் நெய் வாசனை இருந்தது. அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, அம்மாவும் அன்று காலை நெய் உருக்கியிருந்தாள்.

விளக்குப் போடுவதற்குள் அந்தப் பக்கம் காலியாகிவிட்டது.

நான் பெரியவளாகித் தாத்தாவும் போய்ச் சேர்ந்த பிறகுதான் மாமா எனக்கு விவரம் சொன்னார். அம்மாவோடு ஒரே பிரசவத்தில், கொஞ்சம் முன்னால் பிறந்தவள் அவள். என் பெரியம்மா. தோல் மண்டியில் வேலை பார்த்த முஸ்லிம் ஒருவரை விரும்பிக் கட்டிக்கொண்டு பேகம்பூருக்குப் போய்விட்டாள். தாத்தா அவளைத் தலைமுழுகிவிட்டார். அவளைப் பார்க்கப் போகிறவர்களையும் அப்படியே தலைமுழுகுவேன் என்று சொல்லிவிட்டார். ஒரே ஊரில், நடந்தால் எட்டிவிடுகிற தூரத்தில், என் அப்போதைய வயதைவிட அதிக வருஷங்கள் அவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்திருக்கிறார்கள்.

அந்தப் படத்தை அம்மா மறுபடியும் மறுபடியும் பார்த்தாள். படித்தவர்களுக்குக்கூட இவ்வளவு விஞ்ஞான ஆசை கிடையாது என்று அப்பா கேலி செய்தார். பிறகு ஒரு நாள் படத்தைத் தூக்கிவிட்டு வேறு படம் போட்டார்கள். அந்த வாரமே பெரியம்மாவின் வீட்டுக்காரர் தோல் வேலை தேடிக் குடும்பத்தோடு ஆம்பூர்ப் பக்கம் போய்விட்டார் என்பதும் நான் பின்னால் தெரிந்துகொண்டதுதான். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், மாமா வேகமாக வந்து, "போயிட்டாங்கக்கா" என்று சொன்னதும், அம்மா கையிலிருந்த வேலையை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனதும்தான்.

வானத்து ஆட்கள் திரும்பிப் போய்விட்டார்கள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அம்மா தப்பித்துவிட்டாள். அதை அவளிடம் சொல்லலாம் என்று உள்ளே ஓடினேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். இனிமேல் யாரும் உன்னை எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள் அம்மா என்று அவள் முதுகைத் தட்டிச் சொன்னேன். நல்ல செய்தியைக் கேட்ட பிறகும் அவள் ஏன் திரும்பவில்லை என்று யோசித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.