மேல் டிவிசனுக்கு ஏறும் வண்டி

அந்த இரண்டு மாதமும் நான் ஓர் இடத்தில் ஒழுங்காக உட்காரவில்லை. காலில் சுடுதண்ணீரைக் கொட்டிக்கொண்டவன் போல அலைந்தேன். பதுளைப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்தும்போதும் கரும்பலகையின் ஓரத்தில் இரண்டு எண்களை எழுதி எழுதி அழித்தேன்: நூற்று இருபத்தைந்து, நூற்று எண்பத்தைந்து. முதலாவது பண்டாரவளையில் விற்பனைக்கு நின்ற சின்ன ட்ரெயில் பைக்கின் எடை. இரண்டாவது, பதுளையில் ஓர் ஒப்பந்தக்காரர் விற்க வைத்திருந்த பெரிய பைக்கின் எடை. தூரப் பயணம், கரடுமுரடுப் பாதை இரண்டுக்கும் என்று செய்த வண்டி அது. என் பழைய வண்டி எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. இரண்டில் ஒன்றை வாங்கியே ஆக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அக்காவைப் பார்க்கப் போவது வழக்கம். பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் மேல் டிவிசனில், நாங்கள் பிறந்த அதே லயத்து வரிசை வீட்டில், அக்கா இன்னும் கொழுந்து பறிக்கிறாள். தொழிற்சாலை வரைக்கும் தார் போட்டிருக்கிறது. அதற்கு மேலே மூன்று மைல் கல்லும் சேறும்தான். ஆட்டோக்காரர்கள் தொழிற்சாலை வாசலிலேயே கும்பிடு போட்டுத் திரும்பிவிடுவார்கள்.

பள்ளிக்கூடத்தில் என் பைக் பிரச்சினை எல்லாருக்கும் பொழுதுபோக்காகிவிட்டது. சின்னது விழுந்தால் ஒற்றை ஆளாகத் தூக்கி நிறுத்தலாம், வழுக்குமிடத்தில் காலை ஊன்றித் தள்ளலாம் என்று உடற்பயிற்சி ஆசிரியர் சொன்னார். பெரியதுதான் தார் ரோட்டில் சொகுசு, எல்ல ஊர் ஏற்றத்தில் மூச்சு வாங்காது என்று அதிபர் சொன்னார். அவர் வாழ்நாளில் பைக் ஓட்டியதில்லை. நான் இருவருக்கும் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன்.

என் மனைவி யாழ்ப்பாணத்துக்காரி. பதுளையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் வேலை. நான் படம் படமாகக் காட்டியதையெல்லாம் பொறுமையாகப் பார்த்தவள், ஒருநாள் கேட்டாள்:

"எல்லாஞ் சரி. உதிலை நான் எங்கை இருக்கிறது?"

நான் அதை யோசிக்கவே இல்லை. சரியாகச் சொன்னால், யோசிக்காமல் தப்பித்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம். அவள் ஒரு தடவை கூட அந்த லயத்துக்கு வந்ததில்லை. கேட்காதவள் இல்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் கேட்டாள். நான் ஒவ்வொரு தடவையும் பாதையைச் சொன்னேன். பாதை சரியில்லை, மண் சரிந்து கிடக்கிறது, அட்டை கடிக்கும், மழைக்காலம் முடியட்டும். எங்கள் ஊவா மலையில் மழைக்காலம் எப்போது முடிந்தது! அக்காதான் ஆண்டுக்கு ஒருமுறை புதுச்சேலை கட்டிக்கொண்டு பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்து போவாள்.

உண்மையான காரணத்தை இப்போது எழுதிவிடுகிறேன். எங்கள் கல்யாண வீட்டில் அவளுடைய சித்தப்பா ஒருவர், எனக்குக் கேட்காது என்ற நம்பிக்கையில், "தோட்டக்காட்டுப் பொடியன்" என்று யாருக்கோ சொன்னார். அவருடைய சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். நான் பந்தியில் போய் உட்கார்ந்து சாப்பிட்டேன். அந்தச் சோறு இன்றுவரை செரிக்கவில்லை. அந்த ஒற்றை அறைக் காம்பராவையும் புகை படிந்த தகரத்தையும் இருபது குடும்பத்துக்கு ஒரு தண்ணீர்ப் பீலியையும் அவள் பார்த்தால், அவள் கண்ணிலும் சித்தப்பா தெரிவார் என்று எனக்குப் பயம்.

அவள் விடவில்லை. இரண்டு வண்டிகளையும் தானும் பார்க்க வேண்டும் என்றாள். பண்டாரவளை வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். பலகை போல ஒடுங்கிய இருக்கை. "இதிலை ஆள் இருந்து போகேலாது, அப்பா. கோழி வேணுமெண்டால் இருக்கும்" என்று சொல்லி இறங்கிவிட்டாள். ஒப்பந்தக்காரரின் பெரிய வண்டியிலோ அகலமான இருக்கை, பிடித்துக்கொள்ளக் கம்பி, கால் வைக்க நல்ல இடம். கைப்பையை மடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அன்றிலிருந்து நான் சின்ன வண்டியின் வக்கீலாகிவிட்டேன். அறுபது கிலோ வித்தியாசம், கொண்டை ஊசி வளைவு, தளர்ந்த கல், உயரமான இருக்கை என்று அடுக்கினேன். அவள் கறிவேப்பிலையை உருவிக்கொண்டே கேட்டாள். கடைசியில், "அப்ப ஏறுமோ ஏறாதோ எண்டு ஒருக்கா ஓடிப் பாத்திட்டு வந்து சொல்லுங்கோ" என்றாள்.

ஒப்பந்தக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வண்டியைத் தந்தார். விடியும்போதே புறப்பட்டேன். அந்த வண்டி ஏறாது என்று நிரூபிக்கத்தான் போனேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தெமோதரையைத் தாண்டும்போதே வீட்டில் என்ன வசனம் சொல்வது என்று தயார் செய்துவிட்டேன்.

தொழிற்சாலைக்கு மேலே எழுந்து நின்று ஓட்டினேன். கல்லில் சக்கரம் துள்ளியது. ஆனாலும் அந்தப் பாழாய்ப்போன வண்டி ஏறியது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு, சேறு நின்ற மூன்றாவது வளைவு, எல்லாவற்றிலும் மாடு மாதிரி நிதானமாக ஏறியது. எனக்கு ஆத்திரம் வந்தது. நான்காவது வளைவின் நடுவில், இது ஏறியேவிடப் போகிறது என்று தெரிந்த நொடியில், என் கை வேகத்தைக் குறைத்தது.

ஏற்றத்தில் வேகத்தைக் குறைக்கக் கூடாது. எனக்குத் தெரியும். எஞ்சின் இருமி நின்றது. பள்ளப் பக்கம் காலை ஊன்றினேன். அங்கே தரை இல்லை. காட்டுச் சூரியகாந்திக்கு அடியில் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டியிருந்தார்கள். ரோட்டோரம் என்றால் கான் இருக்கும் என்பது தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்கு நடக்கத் தொடங்கும்போதே தெரியும். நானும் வண்டியும் பக்கவாட்டில் கானுக்குள் போனோம்.

எனக்கு முழங்கையில் தோல் போனது, அவ்வளவுதான். வண்டியைத் தூக்கப் பார்த்தேன். அசையவில்லை. இன்னொரு தடவை முயன்றேன். முதுகில் சுளுக்குப் பிடித்தது.

மேலே மலையில், ஞாயிறு வேலைக்கு அன்றே தரும் கைக்காசுக்குக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் சத்தம் கேட்டு இறங்கி வந்தார்கள். ஏழெட்டுப் பேர். அக்காவும் இருந்தாள். அடிபடவில்லை என்று தெரிந்ததும் சிரிக்கத் தொடங்கினார்கள்.

"எத்தன கிலோங்க சார் இது?" என்றாள் ஒருத்தி.

"நூத்தி எண்பத்தஞ்சு."

"தண்ணி கழிச்சதா, கழிக்காததா?"

எல்லாரும் ஓவென்று சிரித்தார்கள். மழை நாளில் கொழுந்து நிறுக்கும்போது தண்ணிக்கென்று இத்தனை கிலோ கழிப்பார்கள். அதற்காகத் தராசடியில் தினமும் சண்டை நடக்கும். ஆகவே எந்த எடையைச் சொன்னாலும் அவர்கள் இதைத்தான் முதலில் கேட்பார்கள். நான் போனில் அந்த வண்டியின் விவரத்தைத் திறந்து பார்த்தேன். அடியில் பொடி எழுத்தில் இருந்தது: பெட்ரோலும் எண்ணெயும் நீங்கலாக. இரண்டு மாதமாக எழுதி அழித்த எண்ணே பிழை. கணக்கு வாத்தியாருக்கு இது போதும். "கழிச்சது தான்" என்றேன்.

"அப்ப இருநூறுன்னு வச்சுக்குங்க" என்றாள் அவள். "பிடிங்கடி."

ஆளுக்கோர் இடத்தில் பிடித்தார்கள். ஒருத்தி இடுப்பில் கட்டியிருந்த தார்ப்பாய்ப் படங்கை அவிழ்த்துச் சக்கரத்தில் மாட்டி இழுத்தாள். இரண்டு தம்மில் வண்டி ரோட்டில் நின்றது. அதைச் சுற்றிப் பார்த்த அக்கா, "நல்ல வண்டியா தானே இருக்கு. ஏன் விழுந்திச்சு?" என்றாள்.

"பாத சரியில்லக்கா."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள் வேறொருத்தி. மறுபடி சிரிப்பு.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மற்றவர்கள் மலைக்கு ஏறிப் போனபிறகு என் முழங்கை இரத்தத்தைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். துடைத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்:

"பன்னண்டு வருசமா பாத சரியில்ல, பாத சரியில்லைங்கிற. இந்தப் பாதையில தான்டா நான் தெனமும் கூடையோட ஏறி எறங்குறேன். எங்களப் பாத்தா ஒனக்கு வெக்கமா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அழுகை வந்தது. நாற்பத்தைந்து வயதில் நடுரோட்டில் நின்று அழுதேன். அவள் ஆறுதல் சொல்லவில்லை. "போ, மேல போயி மூஞ்சியக் கழுவு. நான் நெறுவை முடிச்சிட்டு வாறேன்" என்று கூடையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் வண்டியைக் கிளப்பினேன். மிச்ச வளைவுகளில் அது ஒரு தடவை கூட நிற்கவில்லை.

பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசலுக்கு வந்து, முதலில் முழங்கையைப் பார்த்தாள், பிறகு வளைந்திருந்த பிரேக் கம்பியைப் பார்த்தாள்.

"ஏறேல்லையோ?"

தயார் செய்த வசனம் நாக்கு நுனியில் இருந்தது. கையில் காயமும் சாட்சிக்கு இருந்தது. அவள் நம்பியிருப்பாள், அல்லது நம்பியதாகக் காட்டியிருப்பாள்.

"ஏறிச்சு. நான் தான் விழுத்திட்டேன்" என்றேன். "ஒன்ன அங்க கூட்டிட்டுப் போக எனக்கு இஷ்டமில்ல. பாதையெல்லாம் பொய். அந்தக் காம்பராவ நீ பாத்துறக் கூடாதுன்னு தான்."

அவள் உள்ளே போனாள். மருந்துப் பெட்டியை எடுத்து வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். பஞ்சில் மருந்தை நனைத்தபடி சொன்னாள்:

"உங்கடை அக்காவோடை நான் எத்தினை வருசமாப் போனிலை கதைக்கிறனான் எண்டு தெரியுமோ? அந்தக் காம்பராவிலை எத்தினை பேர் படுக்கினம், மழைக்கு எந்த மூலை ஒழுகும், எல்லாம் எனக்குத் தெரியும். அவா எத்தினையோ தரம் என்னை வரச் சொல்லிக் கேட்டவா. 'அவர் கூட்டிக்கொண்டு வரட்டும் மச்சாள், அதுவரைக்கும் வரமாட்டன்' எண்டு நான் தான் சொன்னனான்."

மருந்து எரிந்தது. நான் கையை இழுக்கவில்லை.

"இப்ப சொல்லுங்கோ" என்றாள். "வாற ஞாயிறு எத்தினை மணிக்கு வெளிக்கிடுறது?"